ஃப்ரன்ட் ஃப்ளிப்பில் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிடுகிறேன்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஏழு மாதமாக டம்ப்ளிங் (மெத்தையில் ஓடி வந்து கரணமடிக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ்) பழகுகிறேன். துள்ளு வலையான டிராம்போலினில் ஃப்ரன்ட் ஃப்ளிப், அதாவது கை ஊன்றாமல் காற்றில் முன்பக்கமாக அடிக்கும் கரணம், நன்றாகவே வருகிறது, ஆனால் தரை மெத்தையில் நாலு எட்டு ஓடி வந்து அடித்தால் ஒவ்வொரு முறையும் குந்தியபடிதான் இறங்குகிறேன், சில நேரம் அப்படியே பின்னால் உட்கார்ந்தும் விடுகிறேன்.

வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு காலும் தரையைத் தொடும்போதே மார்பு முன்னால் சாய்ந்து, தலையும் கீழே போய்விடுகிறது. அதனால் ஓடி வந்த வேகம் உயரமாக மாறாமல் முன்னாலேயே போய்விடுகிறது. கால்களை உடம்புக்குச் சற்று முன்னால் ஊன்றி, முழங்காலை அதிகம் மடக்காமல், கைகளைக் காதோரம் தூக்கி முதலில் மேலே எழும்ப வேண்டும், அப்புறம்தான் சுருள வேண்டும் என்பது தெரியும். தெரிந்தும் அந்த நொடியில் உடம்பு அவசரப்படுகிறது!

இன்னொன்று, சுருண்ட உடம்பை இறங்குவதற்காக எப்போது விரிப்பது என்பதே பிடிபடவில்லை. பேக் ஃப்ளிப்பில் இறங்குவதற்கு முன்பே தரை கண்ணில் பட்டுவிடும், இதில் கடைசி வரை தெரிவதில்லை. அந்தப் பயத்தில் சீக்கிரமே விரித்துவிடுகிறேனோ என்று சந்தேகம்.

அடுக்கிய மெத்தை மேல் சுழன்று ஏறி இறங்கும் பயிற்சி இதற்கு உதவுமா? அல்லது சுழலாமல், ஓடி வந்து நேராக எழும்புவதை மட்டும் சில வாரம் பழகட்டுமா? இதே சிக்கலிலிருந்து மீண்டவர்கள் முதலில் எதைத் திருத்தினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.