கொரியத் திரைப்பட விழாப் பெட்டிகள்: திறக்காத ஃபிளாப்பி, புளித்த வாடை அடிக்கும் ஃபிலிம். எதை முதலில் காப்பாற்றுவது?

மேசைவிளக்கு:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். படிப்பு வேறு துறை. 1990களின் கடைசியில் இங்கே நடந்த கொரியத் திரைப்பட விழாவின் மிச்சம் மீதியெல்லாம் அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. பட்டியல் போடும் வேலை என் தலையில்.

உள்ளே சுவரொட்டி, நிகழ்ச்சி நிரல், சியோலுடன் நடந்த ஃபேக்ஸ் கடிதங்கள், விஎச்எஸ், பீட்டாகேம் டேப், மூன்றரை அங்குல ஃபிளாப்பி, 35 எம்எம் ஃபிலிம் டப்பா இரண்டு. ஃபிளாப்பியில் இருப்பதெல்லாம் எச்டபிள்யூபி கோப்புகள், வேர்டில் திறந்தால் குப்பை எழுத்துதான் வருகிறது. ஒரு டப்பாவைத் திறந்தால் பழைய ஊறுகாய் ஜாடி மாதிரி புளிப்பு வாடை. ஃபேக்ஸ் தாள்கள் பாதி மங்கிவிட்டன. மேற்பார்வையாளர் டேப்பைத்தான் முதலில் டிஜிட்டலாக்கச் சொல்கிறார். அது சரியா?

சுருள்பெட்டி:
முதலில் அந்த டப்பாவை மூடி மற்ற ஃபிலிமை விட்டுத் தள்ளி வையுங்கள். அது வினிகர் சிண்ட்ரோம். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் அசிடேட்டையும் கெடுக்கும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாள் கிடைக்கும். டப்பாவுக்குள் ஒரு நாளாவது போட்டு மூடி வைத்தால் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். மஞ்சள் என்றால் அவசரம். குளிரில் வைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. ஆசைக்குக்கூட புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு டப்பாவில் சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அது பாலியெஸ்டர் ஃபிலிம், அதற்கு இந்த நோய் வராது.

மேசைவிளக்கு:
இரண்டு டப்பாவும் சேர்ந்தால் முழுப் படமா?

சுருள்பெட்டி:
பெரும்பாலும் இல்லை. 35 எம்எம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் என்றால் சுமார் 22 நிமிடம். இரண்டும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் வருவதே கஷ்டம். குறும்படமாக இருக்கலாம், திருப்பி அனுப்பாமல் விட்ட ரீல்களாகவும் இருக்கலாம். டப்பா லேபிள், படத்துக்கு முன் தொடக்கத்தில் இருக்கும் லீடர் என்ற துண்டு, விளிம்பு எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து சியோலில் உள்ள கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். சப்டைட்டில் பதித்த பிரிண்டா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கிம் கி-யங் எடுத்த 'தி ஹவுஸ்மெய்ட்' (1960) படத்தின் நெகட்டிவில் இரண்டு ரீல்கள் இல்லாமல் போயிருந்தன. கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டிலோடு கிடைத்த ஒரு பிரிண்ட்தான் அந்த இடத்தை நிரப்பியது. எழுத்துகளை அப்புறம் டிஜிட்டலில் அழித்தார்கள்.

தாள்மனிதன்:
மேற்பார்வையாளர் சொன்ன வரிசையை நான் மாற்றுவேன். ஃபேக்ஸ்தான் முதலில். அது வெப்பத்தில் கருக்கும் தாள், எழுத்து தானாகவே மறையும். லேமினேட் பண்ணக் கூடாது, பிவிசி உறையிலும் போடக் கூடாது. கைபேசியில் படம் எடுத்தாலும் போதும், இன்றைக்கே எடுங்கள். அப்புறம் ஃபிளாப்பி. டேப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டேப்பிலும் பிரித்துப் பாருங்கள். முன்னோட்டத்துக்கு வந்த படங்களின் விஎச்எஸ் என்றால் அதைவிட நல்ல பிரதி கொரியாவில் இருக்க வாய்ப்பு அதிகம். கேஎம்டிபி என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடினால் படத்தின் விவரம் கிடைக்கும். ஆனால் இயக்குநர் வந்து மாணவர்களுடன் பேசியதை யாராவது பதிவு செய்திருந்தால் அது உங்கள் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். டேப்பில் அதற்குத்தான் முதலிடம்.

இன்னொன்று, பெட்டிக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். சுவரொட்டியெல்லாம் ஒரு பக்கம், கடிதமெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கத்தான் கை போகும். அடுக்கிவிட்டால் எந்தக் கடிதம் எந்தக் காட்சிக்காக எழுதப்பட்டது என்பது போய்விடும்.

பிட்டும்பைட்டும்:
எச்டபிள்யூபி என்பது ஹங்கல் என்ற கொரியச் சொற்செயலியின் கோப்பு. 1989 முதல் கொரிய அலுவலகங்களின் வேர்ட் அதுதான். ஃபிளாப்பியின் மூலையில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளி எழுத முடியாதபடி செய்துவிட்டு, முழு வட்டையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் டிஸ்க் இமேஜ் என்பார்கள். அப்புறம் ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். வி3.00 என்றிருந்தால் லிப்ரே ஆபீஸ் நேரடியாகத் திறக்கும். வெறும் டெக்ஸ்ட் கோப்பும் இருந்தால், திறக்கும்போது குறியாக்கத்தை யூனிகோடு என்று விடாமல் ஈயூசி-கேஆர் என்ற கொரியக் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள்.

மேசைவிளக்கு:
வி3.00 தான்! திறந்துவிட்டது. வரிசை எண் போட்ட ஆங்கில வசனங்கள், பக்கத்தில் கொரிய மொழி. திரைக்குக் கீழே யாரோ கையால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஓட்டிய சப்டைட்டில் போலிருக்கிறது. ஃபேக்ஸ் எல்லாம் படம் எடுத்தாயிற்று. இரண்டாவது டப்பா பாலியெஸ்டர்.

ஒரு சந்தேகம். ஒரே இயக்குநரின் பெயர் ஒரு நிரலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எதைப் போடுவது? இதையெல்லாம் இணையத்தில் ஏற்றலாமா?

தாள்மனிதன்:
கொரியப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத தென் கொரிய அரசு 2000இல் புது ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறியது. அமெரிக்க நூலகப் பட்டியல்களில் இன்னும் பழைய மெக்கியூன்-ரைஷாவர் முறைதான். உங்கள் நூலக விதிப்படி ஒன்றைத் தலைப்பாக வைத்து, நிரலில் அச்சானதை அப்படியே குறிப்பில் சேருங்கள். கொரிய எழுத்தையும் கட்டாயம் போடுங்கள், தேடுபவர்களுக்கு அதுதான் உதவும்.

ஏற்றுவதில் அவசரம் வேண்டாம். விழாவில் திரையிடக் கொடுத்த அனுமதி இணையத்துக்குச் செல்லாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு நூலகங்களைப் பாதுகாப்புக்காக மூன்று நகல்கள் வரை எடுக்க விடுகிறது, நிபந்தனைகளோடு. அந்த டிஜிட்டல் நகலை நூலகத்துக்கு வெளியே பொதுமக்களுக்குத் தர முடியாது. நிரலும் சுவரொட்டியும் பல்கலைக்கழகமே அச்சிட்டவை என்றால் அனுமதி வாங்குவது சுலபம், ஆனால் அதில் உள்ள படக் காட்சிகளின் உரிமை தயாரிப்பாளருடையது. விருந்தினரின் பாஸ்போர்ட் நகல், காசோலை நகல் ஏதாவது கண்ணில் பட்டால் தனி உறையில் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.