வீகாலேண்ட்தானே இப்போ வொண்டர்லா? 7 வயசுப் பையனுக்கு அவ்வளவு தூரம் தேவையா?

பீளமேட்டுக்காரன்:
காலாண்டு லீவுக்குக் கொச்சியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போறேன்னு பையனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தினமும் பல் தேய்க்கும்போதே இன்னும் எத்தனை நாள் என்று ஆரம்பித்துவிடுகிறான். நான் காலேஜ் படித்த காலத்தில், 2003 வாக்கில், ஹாஸ்டல் பசங்களோடு வேன் பிடித்துப் போனோம், அப்போது அதன் பெயர் வீகாலேண்ட். அதேதான் இது என்கிறார்கள், ஆள் மாறிவிட்டாரா, பேர் மட்டும் மாறியதா என்று தெரியவில்லை. வீட்டம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா இருக்க, ஏனுங்க கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் போகணும்? பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறேன். போனவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர் சித்தப்பா:
ஆள் மாறவில்லை தம்பி. எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவன் என்பதால் இந்தக் கதை எனக்கு அத்துப்படி, கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி என்பவர் 1977-ல் அப்பாவிடம் 1 லட்சம் ரூபாய் வாங்கி, இரண்டே ஆட்களை வைத்து வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தார். அதுதான் விகார்டு. அந்தக் காலத்தில் மாலை ஆனால் பல்பு மஞ்சளாக மினுங்கும், ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றுவிடும், ஸ்டெபிலைசர் இல்லாமல் டிவி வாங்கினவனைப் பார்த்து நாங்களே சிரிப்போம். அப்படி விற்றுச் சேர்ந்த காசில்தான் 2000-ல் கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரையில் ஒரு குன்றின் மேல் பார்க் கட்டினார். விகார்டிலிருந்து வந்ததுதான் வீகா. ஸ்டெபிலைசர்காரருக்கு எதற்கு இந்த ராட்டின வேலை என்று கடையில் நாங்கள் பேசிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான்தான் அதிகமாகப் பேசினேன்.

2005-ல் பெங்களூருக்கு வெளியே மைசூர் ரோட்டில் பிடதியில் அடுத்ததைத் திறந்தார்கள், அதற்கு வைத்த பெயர்தான் வொண்டர்லா. அப்புறம் 2008-ல் இரண்டு கம்பெனியையும் ஒன்றாக்கினார்கள், கொச்சிக்கும் அந்தப் பெயரே வந்தது. 2014-ல் ஒரு பங்கு 125 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது (வாங்கவில்லை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்). 2016-ல் ஹைதராபாத், 2024-ல் புவனேஸ்வர், 2025 டிசம்பரில் நம்ம சென்னை, திருப்போரூர் பக்கம். சென்னைக்கு நிலம் எப்பவோ வாங்கியாச்சு, கேளிக்கை வரிப் பஞ்சாயத்து தீராமல் வருஷக்கணக்கில் கிடந்தது.

இன்னொரு விஷயம், ரைடுகளில் நிறைய அவர்களே சொந்தப் பட்டறையில் செய்தவை. வெளிநாட்டிலிருந்து இறக்கினால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து டிக்கெட்டில்தான் வந்து விழும். ஸ்டெபிலைசர் செய்தவன் புத்தி அப்படித்தான் போகும். அந்த மனிதர் 2011-ல் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்குக் கிட்னி கொடுத்தார் என்பது தனிக்கதை.

ஆலுவா மருமகள்:
சித்தப்பா வரலாறு சொல்லிவிட்டார், நான் நடைமுறைக்கு வருகிறேன். கல்யாணமாகிக் கொச்சிப் பக்கம் ஆலுவாவுக்கு வந்து 11 வருஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப் போகும் வேலை எனக்குத்தான்.

முதலில் பையனைச் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளங்கள். அங்கே வயசைக் கேட்க மாட்டார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட். நம்மைப் பதற வைக்கும் பெரிய ரைடு பலவற்றுக்கும் 140 இருந்தால்தான் விடுவார்கள். போன முறை நாத்தனார் பையன் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, வாசலில் இருந்த அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைந்து, செருப்புக்குள் கர்சீப்பை மடித்து வைத்துப் பார்த்தான். அங்கே நிற்கும் பெண் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அழுகை நிற்க ஐஸ்கிரீம் இரண்டு ஆனது.

7 வயசுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். குட்டி ரைடுகள் தனியாக இருக்கின்றன. பாலரமா குகை என்று ஒன்று, இங்கே பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையின் பெயர் வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே அலைக்குளம். சும்மா கிடக்கும் தண்ணீர், சங்கு ஊதியதும் பின்பக்கச் சுவரிலிருந்து புரண்டு வரும், மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் கத்தும். சின்னவர்கள் முட்டியளவுத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் கிடப்பார்கள்.

தண்ணீரில் இறங்க நைலான் மாதிரித் துணிதான், காட்டன் கூடாது. நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும். புளிசாதம் கட்டிக்கொண்டு வராதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

காலாண்டு லீவு என்றால் சரஸ்வதி பூஜையை விட்டுத் தள்ளிப் போங்கள், அப்போது இங்கேயும் லீவு. அக்டோபர் பாதியில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, ஆரம்பித்தால் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல்தான், உயரத்தில் ஏறும் ரைடை எல்லாம் நிறுத்திவிடுவார்கள்.

வாளையார் வாசு:
ரோட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். நீங்கள் 2003-ல் போனபோது பாலக்காடு தாண்டி, திருச்சூர் போகும் வழியில் இருக்கும் குதிரான் மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்திருப்பீர்கள். 2021-ல் முதல் சுரங்கம் திறந்ததிலிருந்து அந்தத் தலைவலி போச்சு, பையனுக்கு அதுவே ஒரு ரைடு, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தச் சொல்லுங்கள். விடிகாலையில் கிளம்பினால் 11 மணிக்குத் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். ஆனால் அன்றைக்கே திரும்பி ஓட்டாதீர்கள். ஒரு முறை வேறொரு பார்க்கில், பெயர் வேண்டாம், நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு, லாக்கர் சாவி தொலைந்து, ஈர உடுப்போடு ராத்திரி ஓட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்தேன்.

பிளாக் தண்டரும் மட்டமில்லை. மலையடிவாரம், காற்று நன்றாக இருக்கும், கோவையிலிருந்து ஒரு மணி நேரம். தண்ணீர் மட்டும்தான் வேண்டுமென்றால் வீட்டம்மா சொல்வது சரி.

பீளமேட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பையனை நிலைக்கதவோரம் நிற்க வைத்து அளந்தோம், 121. குதிகாலை எக்கியதைப் பிடித்து அழுத்திய பிறகு 119. இந்த வருஷம் பிளாக் தண்டர், கொச்சி 140 வந்ததும் என்று சமாதானம் ஆகியிருக்கிறது. நிலைக்கதவில் 140-க்கு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருக்கிறான், பெயிண்ட் அடித்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. சித்தப்பா, அந்த 125 ரூபாய்ப் பங்கு இப்போது எவ்வளவு?

ஸ்டெபிலைசர் சித்தப்பா:
கேட்காதீர்கள் என்று சொன்னேன் இல்லையா.