பிள்ளைகளோடு சும்மா சிரித்த நேரங்கள்: உங்கள் வீட்டுக் கதை என்ன?

கொக்குவில்_அம்மா:

பின்னேரம் பாணும் பணிஸும் விற்க வருகிற சூன்பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் ஒழுங்கையில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. மூத்தவளுக்கு வீட்டுப்பாடம், சின்னவனுக்குத் தடிமன், அடுப்பில் ஒன்றும் இல்லை. சரி, பணிஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்போம் என்று கேற்றடிக்குப் போனேன்.

சின்னவனுக்கு மூன்று வயது. காசை அவன்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடலை வரைக்கும் கேட்கும். காசைக் கொடுத்தான், சீனிப் பணிஸை வாங்கினான், அதையே கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு திரும்ப அந்த மனிதரிடமே நீட்டினான். “மாமா, நீங்களும் ஒரு கடி கடியுங்கோ.” நான் “டேய்” என்று வாய் திறக்க முதல் அவர் குனிந்து உண்மையாகவே ஒரு கடி கடித்துவிட்டார். மீசை முழுக்கச் சீனி. மூத்தவள் சிரித்த சிரிப்பில் கேற்றைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். அவரோ மீசையைத் துடைக்காமலே அடுத்த வீட்டுக்கு ஓட்டோவை எடுத்தார்.

இரவு பாத்திரம் கழுவும்போது தனியச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து என்னவென்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். “அப்ப அந்தப் பணிஸை ஆர் சாப்பிட்டது?” என்கிறார்! அவருக்குச் சிரிப்பே வரவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன், யாருக்காவது விளங்கும் என்று.

சைக்கிள்_டைனமோ:

விளங்குது அக்கா. எங்கள் வீட்டுக் கதை 2022 பங்குனிக் கடைசியில் நடந்தது, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம். ரிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை, இரண்டு பிள்ளைகளும் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்க் கொட்டிலுக்குள் கிடந்த பழைய சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். 1990களில், யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்துக்குச் சாமான்கள் வராத தடைக்காலத்தில், பற்றரி இல்லாமல் பாட்டுக் கேட்ட அதே முறை: மிதியைச் சுற்ற வேண்டும், டைனமோ வயர் கசற் பெட்டிக்குப் போகும்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. கையால் சுற்றினாள், பாட்டு எழும்பியது. கை களைத்ததும் பாடகரின் குரல் இழுபட்டு, தடித்து, கிழவராகி நின்றுவிட்டது. “அப்பாச்சி, பாட்டுக்காரருக்கு நித்திரை வந்திட்டுது!” உடனே தம்பிக்காரன் ஓடிப்போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “எழும்புங்கோ! பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு! பல்லுத் தீட்டினீங்களா?” என்று கத்தினான். விடிய விடிய தாயிடம் கேட்கிற அதே வசனம், அதே தொனி. அக்கா திரும்பச் சுற்ற, குரல் முனகி முனகி எழும்பியது. அம்மா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

அதே சைக்கிளைச் சுற்றித்தான் நாங்கள் ஒருகாலம் பிபிசி தமிழோசை கேட்டோம். அப்போது அந்தக் கொட்டிலுக்குள் யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கரண்ட் வந்ததும் இரண்டு பிள்ளைகளும் அழுதார்கள். கிழமைக்கு ஒருநாள் கரண்ட் வெட்டினால் நல்லம் என்று நான் இப்பவும் சொல்லுவேன்.

மானிப்பாய்_மருமகள்:

அண்ணை, கதை வடிவு. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ. அந்த மாதங்களில் என் மகனுக்கு ஏழு மாதம். ஃபான் இல்லாமல் முதுகு முழுக்க வேர்க்குரு, இரவிரவாக விசிறியால் வீசினது நான். காஸ் சிலிண்டருக்கு இவர் விடியப்புறம் போய் வரிசையில் நிற்பார், பால்மாவுக்கு மாமா இன்னொரு வரிசையில். உங்களுக்கு அது பாட்டுக் கச்சேரி, எங்களுக்கு அப்படி இல்லை. கஷ்டத்துக்குள்ளே ஒரு சிரிப்பு வந்தால் சிரிப்பைச் சொல்லுங்கோ. கஷ்டம் திரும்ப வரவேண்டும் என்று ஏன் சொல்லுகிறீர்கள்?

இப்படிச் சொல்லும் எனக்கும் அந்த நேரத்துக் கதைதான் இருக்கிறது. அவனுக்கு முதல் பல் வந்தது, பல்லுக்கொழுக்கட்டை அவிக்க வேண்டும். மா விலை அப்படி இருந்தும் மாமி விடவில்லை. விறகடுப்பில் அவித்தார்கள், ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாகக் குத்தி. பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். முன்னால் புத்தகம், பேனை, காப்பு, கண்ணாடி எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. டொக்டரா, எஞ்சினியரா என்று பெரியம்மா சுற்றம் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இவன் ஒன்றையும் தொடவில்லை. மடியில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்து, இருந்த அந்த ஒரு பல்லால் சுரண்டத் தொடங்கினான். பல்லும் பல்லும் முட்டுகிறது!

“சாப்பாட்டுக் கடை போடுவான்” என்றார் மாமா. “போடட்டுமே, இப்ப இருக்கிற விலைக்கு டொக்டரை விட உழைப்பான்” என்றார் மாமி. மாமி பகிடி விட்டதை நான் கலியாணம் கட்டி வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஓய்வுபெற்ற_அப்பப்பா:

பிள்ளைகள் எழுதியதெல்லாம் வாசித்தேன். எனது அனுபவம் சிறியது. ரொறன்ரோவில் இருக்கும் பேரன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். வெளிவீதி மணலில் அடியார்கள் பிரதட்டை செய்வதைக் கண்டான். யாரையும் கேட்கவில்லை, படுத்தான், அவர்களுக்குப் பின்னால் உருண்டான். தாய் “அழுக்கு, அழுக்கு” என்று பின்னால் ஓட, முன்னால் உருண்டு போன பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, “விடுங்கோ பிள்ளை, நேரா வாறான்” என்றார்.

நிற்க. இங்கே இளம் பெற்றோர் பலர் இருப்பதால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியுள்ளது. முதலாவது, ரியூசன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டாம் ஆண்டிலேயே பிள்ளையை அனுப்புகிறீர்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது, இரண்டரைக்குப் பிள்ளை வேறொரு வாங்கில் இருக்கிறது. பிறகு சந்தோசம் எங்கே என்று தேடுவதில் அர்த்தம் இல்லை. இரண்டாவது, சாப்பாடு. போனைக் காட்டிச் சோறு தீத்த வேண்டாம். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைக் கையில் கொடுத்தால் பிள்ளை ஒரு மணித்தியாலம் கடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. 1981இல் அது எரிந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை நாங்கள். உங்கள் பிள்ளைக்கு அங்கே ஒரு புத்தகத்தைத் தொட வாய்ப்பிருக்கிறது, ஆனால் நீங்கள் அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு பின்னேரமும் பண்ணைக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறீர்கள், அங்கேயும் போனைத்தான் பார்க்கிறீர்கள். நான்காவது, கிணற்றடிக் குளிப்பு. பைப்பில் குளிக்கும் பிள்ளைக்கு நான்கு வாளித் தண்ணீர் தலையில் ஒன்றாக விழும் சுகம் எப்படித் தெரியும்? ஐந்தாவது

(நீளமாகிவிட்டது, மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.)

சைக்கிள்_டைனமோ:

தங்கச்சி, கரண்ட் வரியை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கோ. வேர்க்குருவை நான் யோசிக்கவில்லை. ஐயா, புழுக்கொடியலைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கடித்த துண்டு தொண்டையில் இறுகும், எங்கள் வீட்டில் பட்ட பாடு போதும்.

சின்ன_வகுப்பு_ரீச்சர்:

ஐயாவின் ரியூசன் கதையில் பாதி சரி. மற்றப் பாதிக்கு, ஏழு மணிவரை கடையில் நிற்கும் தாய் பிள்ளையை எங்கே விடுவது என்றும் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் வீட்டில் அப்பப்பா இல்லை.

என் வகுப்பில் “வீட்டில் எனக்குச் சந்தோசமான நேரம்” என்று படம் கீறச் சொன்னேன். கசூரினா கடல், ஐஸ்கிறீம், பிறந்தநாள் கேக் என்று வரும் என நினைத்தேன், வந்தது. ஒரு பெடியன் மட்டும் கட்டிலில் ஒரு பெரிய ஆள், பக்கத்தில் சீப்போடு ஒரு சின்ன ஆள் கீறியிருந்தான். “அப்பா நித்திரை, நான் தலை இழுக்கிறன்.” தகப்பன் இரவு வேலை. பகலில் நித்திரை கொள்ளும்போது இவன் விதம் விதமாக வகிடு எடுப்பானாம், எழும்பி அதே தலையோடு வேலைக்குப் போவாராம். பெற்றோர் சந்திப்புக்கு வந்தபோது அந்த மனிதரின் தலையைத்தான் முதலில் பார்த்தேன். நடு வகிடு, அதுவும் கோணல். சொல்லவில்லை.

பருத்தித்துறை_பட்டம்:

பட்டக் கதை இல்லாமல் எப்படி? தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விடுகிற பெரிய போட்டிப் பட்டங்கள் இல்லை, எங்களுடையது சாதாரண எட்டுமூலை. ஆனால் காற்றில் கூவுகிற விண் பூட்டியது. மூங்கிலை வளைத்து, பெட்டி கட்டி வருகிற பிளாஸ்டிக் நாடாவைச் சீவி இழுத்துக் கட்டினேன். பின்னேரம் ஏற்றி முற்றத்துத் தென்னையில் கட்டிவிட்டோம். வாடைக்காற்று நின்று பிடிக்க, இரவு முழுக்கக் கூவியது.

மகன் நித்திரை கொள்ளவில்லை. எழும்பி வந்து நூலைத் தொட்டுப் பார்த்தான், பிறகு காதை வைத்தான், பிறகு நான் தடுக்க முதல் பல்லை வைத்தான். கண் விரிந்தது. “அப்பா, என்ர பல்லுப் பாடுது!” மனுசி வெளியே வந்து, “நேரம் என்ன தெரியுமா ரெண்டு பேருக்கும்?” என்று பேசினாள். “அம்மா, நீங்களும் பல்லை வையுங்கோ” என்றான். வைத்தாள்! பேசிக்கொண்டே வைத்தாள்.

மானிப்பாய்_மருமகள்:

அண்ணை, இறுகின நூலைப் பிள்ளையின் பல்லில் வைக்க விடாதேங்கோ, வாயை வெட்டும். அதோடு விண் பட்டத்தைப் பத்து மணிக்குப் பிறகு இறக்குகிற பழக்கம் உங்கள் பக்கம் இல்லையா? எங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் கட்டிவிட்டுத் தான் மட்டும் குறட்டை விடுகிறார்.

பருத்தித்துறை_பட்டம்:

இறக்கினால் பட்டம் பனையில் மாட்டும் தங்கச்சி. விடியத்தான் இறக்கலாம்.