வோக்கபிலிற்றி: நடைதிறனா, நடைவாகா, நடைத்தோதா?

கோட்டைமுனையிலிருந்து

அன்பின் நண்பர்களுக்கு,

நகர மையத் திட்டமிடல் வழிகாட்டி ஒன்றின் தமிழ் வடிவத்தைச் செப்பனிடுகிறோம். 'வோக்கபிலிற்றி' (walkability, ஓர் இடம் நடந்து போய்வர எவ்வளவு வசதியானது என்பது) வரும் இடமெல்லாம் 'நடைதிறன்' என்று போட்டிருக்கிறார்கள். "புளியந்தீவின் நடைதிறனை மேம்படுத்தல்" என்று ஒரு தலைப்பு; புளியந்தீவு மட்டக்களப்பு நகரின் மையத்தில் உள்ள தீவு. வாசித்தால், பாரிசவாதம் வந்த தீவு எழுந்து நடக்கப் பழகுவது போல இருக்கிறது.

திறன் ஆளிடம் இருப்பது. வாசிப்புத் திறன், கேட்டல் திறன் எல்லாம் அப்படித்தான். நமக்கு வேண்டிய சொல் வீதியைப் பற்றியது. நன்றாக நடக்கக்கூடியவரும் நடக்க விரும்பாத வீதி உண்டு. தடி ஊன்றியவர் தனியாகப் போய்வரும் வீதியும் உண்டு. அந்த வேறுபாடு காலில் இல்லை, வீதியில் இருக்கிறது.

'நடைத்தகைமை' என்றும் ஒருவர் சொன்னார். இங்கே தகைமை என்றதும் கல்வித் தகைமைதான் நினைவுக்கு வரும். விண்ணப்பப் படிவத்தில் நிரப்பக் கேட்பார்களோ என்று தோன்றும். என் முன்மொழிவு 'நடைவாகு'. வாகான இடம், கைக்கு வாகு என்கிறோமே, அந்த வாகு.

ஆரையம்பதியிலிருந்து

> என் முன்மொழிவு 'நடைவாகு'.

சொல் அழகுதான், ஆனால் 'உடல்வாகு' குறுக்கே நிற்கிறது. உடல்வாகு என்றால் உடலின் அமைப்பு. அதே அச்சில் நடைவாகு என்றால் ஒருவர் நடக்கும் விதம் என்றே வாசிப்பார்கள். திறனில் கண்ட அதே பிழை வேறு வாசலால் உள்ளே வருகிறது. 'நடையுகப்பு' பொருளுக்குப் பொருந்தும், ஆனால் உகப்பு பேச்சில் செத்துப்போன சொல்.

'நடைத்தோது' என்று வைக்கலாம். தோது என்பது பெரும்பாலும் இடத்துக்கோ நேரத்துக்கோ உரியது: கடை போடத் தோதான சந்தி, பேசத் தோதான நேரம். ஆளைத் தோதானவர் என்று சொன்னாலும், எதற்கோ பொருந்துகிறார் என்ற பொருளில்தான். இன்னொரு வசதி, இது வளைந்து கொடுக்கும். தோது குறைவு, தோதில்லை, தோதாக்குதல் எல்லாம் புதிதாய்ப் பழகாமலே வரும். கலைச்சொல்லை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதன் எதிர்மறையைத்தான். 'நடையுகப்பின்மை' என்று ஒரு மேற்பார்வையாளர் அறிக்கையில் எழுதுவாரா?

பேச்சுச் சொல் அரச ஆவணத்துக்கு ஆகாது என்பார்கள். கடவையும் வேலியில் ஆள் கடக்கும் இடைவெளிக்கு இருந்த சொல்தான். இப்போது புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று பலகைகளில் நிற்கிறது.

கல்லடியிலிருந்து

தோது எனக்குச் சம்மதம். ஆனால் அது கூட்டுப் பண்பு. நிழல், வெளிச்சம், கடவைகளின் இடைவெளி, வாகன வேகம், நடைபாதை எல்லாம் அதற்குள் அடங்கும். ஒப்பந்தக்காரரிடம் "தோதாக்கு" என்று சொல்லி வேலை வாங்க முடியாது. நாடா வைத்து அளக்கும் சொற்களும் கூடவே வேண்டும். முதலாவது, 'கிளியர் விட்த்' (clear width, தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம்) என்பதற்கு. வழிகாட்டி இதை 'நடைபாதை அகலம்' என்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நம் நகரங்களில் நடைபாதை பெரும்பாலும் வடிகான் மூடிதான். வரைபடத்தில் 1.5 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதி ஓரத்திலிருந்து 150 மி.மீ. விட்டு 300 மி.மீ. அடித்தளத்தோடு ஒரு மின்கம்பம். எதிர்ப்பக்கம் கடைப்படி 300 மி.மீ. வெளியே நீட்டுகிறது. மிஞ்சுவது 750 மி.மீ. சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 900 வேண்டும். ஆகவே அந்த நாற்காலிக்கு இந்த நடைபாதை இல்லவே இல்லை, ஆவணத்தில் 1.5 மீற்றர் இருந்தாலும். இரண்டு நாற்காலிகள் விலகிப் போக 1.8 மீற்றர் வேண்டும்.

நடக்கக் கிடைக்கும் இந்த அகலத்துக்கு 'நடையகலம்' என்ற சொல்லை வைப்போம். வரையறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சராசரி அல்ல. இரு சந்திகளுக்கு இடையே மிக ஒடுங்கிய இடத்தின் அகலம்தான் அந்தத் துண்டு முழுவதன் நடையகலம். உயரத்தில் 2.1 மீற்றருக்குள் பெயர்ப்பலகையோ தகரத் தாழ்வாரமோ நீட்டினால் அந்த அகலத்தையும் கழிக்க வேண்டும். வெள்ளைப் பிரம்பு நிலத்தைத் தொடும், தலைக்கு நேரே நீட்டும் தகரத்தைத் தொடாது.

மூடிகளைப் பற்றியும் வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மாரிக்கு முன் கான் துப்புரவு செய்ய மூடிகளைக் கிளப்புவார்கள். தூக்கத் துளை இல்லாத மூடியை அலவாங்கால் நெம்பினால் மூலை உடையும். திரும்ப வைக்கும்போது கான் சுவரின் விளிம்பில் மண் இருந்தால் மூடி ஆடும், ஒரு பக்கம் எழும்பி நிற்கும். 6 மி.மீ.க்கு மேல் எழும்பிய விளிம்பு காலைத் தட்டும். 13 மி.மீ.க்கு மேற்பட்ட இடுக்கில் சக்கர நாற்காலியின் முன்சில்லு இறங்கும். கொங்கிறீட் கன மீற்றருக்கு 2400 கிலோ என்று வைத்தால், 900க்கு 600, தடிப்பு 100 மி.மீ. உள்ள மூடி ஏறத்தாழ 130 கிலோ. அதைத் துளையில்லாமல் தூக்கி ஒழுங்காக வைக்க இரண்டு பேரால் ஆகாது. 600க்கு 450, தடிப்பு 75 என்றால் 49 கிலோ. வாகனம் ஏறாத இடத்தில் சின்ன மூடியும், இரண்டு தூக்கத் துளையும். நீர் இறங்கும் நீள்துளைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும்.

கல்முனையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிட வேண்டும். 'நடைவீதி' என்ற சொல்லை வழிகாட்டி இரண்டு பொருளில் ஆள்கிறது: வாகனத்தை மறித்த வீதி, நடக்க வசதியான வீதி. எங்கள் பிரதான வீதி ஏ4 நெடுஞ்சாலை. பஸ்ஸும் லொறியும் அதால்தான் போகும், கடைகளும் அதில்தான். அதை நடைவீதி ஆக்கப்போகிறோம் என்று தமிழில் எழுதினால், வர்த்தகர்கள் மறுநாளே மனுவோடு வருவார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாகனம் மறித்த வீதிக்கு மட்டும் நடைவீதி என்று வையுங்கள். நெடுஞ்சாலையும் நடைத்தோது உள்ளதாக இருக்கலாம்.

'ரெயிஸ்ட் குறோசிங்' (raised crossing) என்பதற்கு 'மேட்டுக் கடவை' போதும். வேகத்தடையும் மேடுதானே என்று கேட்பீர்கள். வேகத்தடை வாகனத்துக்குப் போடும் மேடு. மேட்டுக் கடவை, நடைபாதையை அதே மட்டத்தில் வீதிக்குக் குறுக்கே கொண்டுபோவது. 150 மி.மீ. ஓரக்கல்லிலிருந்து ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் இறங்க 1.8 மீற்றர் ஓடவேண்டும். கல்லடிக்காரர் சொன்ன 1.5 மீற்றர் நடைபாதையில் அந்தச் சரிவுக்கு இடமே இல்லை. வீதியை உயர்த்தினால் சரிவே தேவையில்லை. ஆனால் கரையோரத் தட்டை நிலத்தில் அந்த மேடு அணைக்கட்டாகவும் வேலை செய்யும். வீதியோரம் ஓடிவரும் மழைநீர் அதில் முட்டி நிற்கும். மேட்டுக்கு முன்னால் கானுக்கு ஒரு நீர்வாய் வையாமல் கட்டினால், முதல் மாரியிலேயே கடவையடியில் குளம்தான்.

கோட்டைமுனையிலிருந்து

நடைவாகை விட்டுக்கொடுக்கிறேன், கொஞ்சம் மனக்குறையோடுதான்.

புளியந்தீவை வைத்து நடைத்தோதையும் நடையகலத்தையும் சோதித்துப் பார்த்தேன். வாவி நடுவே தீவு. யார் வந்தாலும் பாலத்தால்தான் உள்ளே வரவேண்டும், கால்நடையாய் வருபவரும் பாலத்தடியில்தான் ஒன்று சேர்வார். உள்ளே ஒழுங்கைகள் எத்தனை தோதாக இருந்தாலும், பாலத்தடியில் நடையகலம் இல்லையென்றால் அந்தத் தோதால் வெளியிலிருந்து வருபவருக்குப் பயனில்லை. இதைப் பழைய 'நடைதிறன்' வைத்து எழுதிப் பாருங்கள், வசனம் கைக்குள் வராது.

கல்லடிக்கு ஒரு கேள்வி. காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரே நடையகலம் வராதே? கம்பமும் படியும் அசையாது. மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் அசையும். இரண்டையும் அளந்து, 'நிலை நடையகலம்', 'வேளை நடையகலம்' என்று பிரிக்கலாமா? வித்தியாசம் பெரிதென்றால் கட்டுமானத்தில் பணம் போட வேண்டியதில்லை, தரிப்பிட ஒழுங்கும் கண்காணிப்பும்தான் வேண்டும்.

கல்லடியிலிருந்து

பிரிப்பது சரி. ஆனால் 'வேளை' என்றால் எந்த வேளை? 'நெரிசல்நேர நடையகலம்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் கடை திறக்க முன்பே அளந்துவிட்டு வருவார்கள்.