போன் போகவில்லை என்றால்: சுவிட்ச் ஆஃபா, சிக்னல் இல்லையா, ஆள் கவனிக்கவில்லையா?

அறிவிப்பில் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, அது வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். போனை முறையாக அணைத்தால், அணைவதற்கு முன் அது நெட்வொர்க்குக்குத் தகவல் சொல்லிவிடும். ஏரோபிளேன் மோடும் அப்படியே. அதனால் டயல் செய்ததுமே, தேடாமலே, ‘சுவிட்ச் ஆஃப்’ என்று பதில் வரும். லிஃப்டுக்குள் போனாலோ, பேட்டரி கழன்றாலோ, தண்ணீரில் விழுந்தாலோ அந்தத் தகவல் போகாது. போன் கடைசியாகப் பதிவான பகுதியின் டவர்கள் அதைக் கூப்பிட்டுப் பார்க்கும்; இதுதான் பேஜிங். சில நொடி மௌனம், அப்புறம் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’. வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்த மௌனம்தான் நம்பகமான அடையாளம்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. சும்மா கிடக்கும் போனும் குறிப்பிட்ட இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று பதிவு செய்யும். 2ஜியில் இந்த இடைவெளியை 6 நிமிடப் படிகளில், அதிகபட்சம் 25.5 மணி நேரம் வரை வைக்கலாம். 4ஜியில் வழக்கமான அளவு 54 நிமிடம். பதிவு வராமல் கெடு தாண்டினால் நெட்வொர்க் தானாகவே ‘இல்லை’ என்று எழுதிக்கொள்ளும். ஆகவே காலையில் ‘அப்பால்’, மதியம் ‘சுவிட்ச் ஆஃப்’ என்று மாறினால், யாரோ போனை எடுத்து அணைத்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். வயதான அப்பா அம்மாவை ஊரில் தனியாக விட்டிருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

*

பத்து தடவை டயல் செய்வதற்குப் பதில் ஒரு சாதாரண எஸ்எம்எஸ் போடுங்கள். அதற்கு முன் மெசேஜ் ஆப்பின் செட்டிங்ஸில் டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் செய்துகொள்ளுங்கள். போன் கிடைக்காவிட்டால் செய்தி எஸ்எம்எஸ் சென்டரில் காத்திருக்கும்; போன் மறுபடி நெட்வொர்க்கில் பதிவானதும் சென்டருக்குத் தகவல் போய், செய்தி இறங்கும். ரிப்போர்ட் வந்த கையோடு கூப்பிடுங்கள். எதிர்முனையில் டேட்டா தேவையில்லை, பட்டன் போனுக்கும் இது போதும்.

*

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் ‘பிளாக் பண்ணிட்டாங்க’ என்று முடிவுகட்ட வேண்டாம். செய்தி சர்வர் வரை போயிருக்கிறது, அவ்வளவுதான். டேட்டா ஆஃப் ஆகியிருக்கலாம். பேட்டரி சேவர் ஆப்பைத் தூங்க வைத்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால் அவர் ஆப்பைத் திறந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். அவர் போனில் ஆப்ஸ் > வாட்ஸ்அப் > பேட்டரி போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வைத்துவிடுங்கள்.

இரட்டை டிக்கும் ஏமாற்றும்: லேப்டாப்பில் இணைத்த வாட்ஸ்அப் வாங்கிக்கொண்டாலே இரண்டு விழும், போன் அணைந்திருந்தாலும். குரூப்பில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக். தனித்தனியாகப் பார்க்க உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பாருங்கள். நீல டிக்கை அணைத்து வைத்தவரும் குரூப்பில் தப்ப முடியாது.

வாட்ஸ்அப் காலில் திரையைப் பாருங்கள். ‘காலிங்’ என்றே நின்றால் அழைப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. ‘ரிங்கிங்’ என்று மாறினால் சேர்ந்துவிட்டது.

*

முழுசாக ரிங் போயும் எடுக்கவில்லை என்றால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டிருக்கலாம். விட்டு விட்டுக் கூப்பிடாமல் உடனே இரண்டாவது தடவை கூப்பிடுங்கள். திரும்பக் கூப்பிடுபவரை அனுமதிக்கும் வசதி அந்தப் போனில் ஆன் ஆகியிருந்தால், ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும் ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள்ளும் வரும் இரண்டாவது அழைப்பு சத்தத்தோடு அடிக்கும்.