"நீ மரணத்தைக் காண்பதில்லை" என்று அம்மாவிடம் சொன்னார்கள்

எனக்கு ஒன்பது வயது. சபைக்கு வந்திருந்த ஊழியக்காரர் ஒருவர் அம்மாவின் தலைமேல் கைவைத்து, "மகளே, நீ மரணத்தைக் காண்பதில்லை. கர்த்தர் வரும்போது உயிரோடு இருப்பாய்" என்றார். அம்மா அதை வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் தேதி போட்டு எழுதிவைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாளையைப் பற்றிய எந்தப் பேச்சும் "கர்த்தர் தாமதித்தால்" என்றுதான் தொடங்கும். கர்த்தர் தாமதித்தால் இவன் பத்தாவது எழுதுவான். தாமதித்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கலாம்.

நடுராத்திரியில் விழித்து, அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த இரவுகள் எத்தனையோ. கர்த்தர் வந்தால் விசுவாசிகளை எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுவார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மூச்சு கேட்டால் நிம்மதி, வருகை இன்னும் நடக்கவில்லை, நான் கைவிடப்படவில்லை.

பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி மாதத்தில் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "அவர் சொன்னது நடக்காதுபோல இருக்கே தம்பி. என் விசுவாசத்துலதான் ஏதாவது குறையா?"

சாவுக்கு அவர் பயப்படவில்லை. ஆண்டவரை ஏமாற்றிவிட்டோமோ என்றுதான் பயந்தார். சொன்னவர் எங்கேயோ நிம்மதியாக இருக்க, நிறைவேறாததன் பாரத்தை என் அம்மா சுமந்துகொண்டு போனார். அடக்கத்துக்குப் பிறகு ஒரு வருஷம் சபையில் வருகைப் பாட்டுகளுக்கு என் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷத்தில்தான் இந்தக் கதை எவ்வளவு பழையது என்று தேடிப் படித்தேன். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தார், இயேசு வருவார் என்று 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1948-ல் இஸ்ரேல் உருவானதோடு ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டு என்று கூட்டி, வருகை 1988 என்றார்கள் சிலர். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், அது போனதும் அக்டோபர் 21 என்றார். ஆனால் அடுத்த வருஷம், தேதி குறித்தது தவறு, அது பாவம் என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையை யாரும் வந்து சொல்லவில்லையே.

என்னைத் திரும்ப ஜெபிக்க வைத்தது, இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷனைப் பற்றிய யோவான் 21:23. "அந்தச் சீஷன் மரிப்பதில்லையென்கிற பேச்சு சகோதரருக்குள்ளே பரம்பிற்று" என்று இருக்கிறது. உடனே அடுத்த வரியில், மரிப்பதில்லை என்று இயேசு சொல்லவில்லை என்ற திருத்தம். எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். ஆதி சபையிலும் ஒருவரைப் பற்றி இதே பேச்சு இருந்திருக்கிறது. அவர் இறந்தோ இறக்கும் நிலையிலோ இருந்தபோது சனங்கள் கலங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரிக்கு அவசியம் ஏது? அந்தக் கலக்கத்தைச் சுவிசேஷம் மறைக்கவில்லை, அந்தச் சீஷனின் விசுவாசத்தில் குறை என்றும் சொல்லவில்லை. பேச்சுதான் தவறு என்கிறது. இது அம்மா இருக்கும்போது என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா?

* * *

அண்ணா, வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நடந்தது வேறு மாதிரி. வருகை வாசலில் நிற்கிறது, இனி படிப்பு எதற்கு என்று பேசிய வாலிபர் முகாமுக்குப் பிறகு, கல்லூரி இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டேன். வீட்டில் அடித்தும் பார்த்தார்கள், கேட்கவில்லை. அப்படிப் பேசியவருடைய பிள்ளைகள் எல்லோரும் படித்து முடித்தார்கள். 1992 அக்டோபர் 28-ல் வருகை என்று கொரியாவில் அறிவித்த போதகர், அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. முப்பத்தொன்றாம் வயதில் தபால்வழியில் பட்டம் முடித்தேன். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மேடைமேல் இன்னும் இருக்கிறது.

* * *

நான் உங்கள் இருவரைவிடத் தள்ளி நிற்கிறேன். தேதி குறித்தவர்களைத் தள்ளிவிடுவது எனக்குச் சுலபம். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிற உபாகமம் 18:22 போதும். என்னால் கடக்க முடியாதது மத்தேயு 24:34. தம் வருகையின் அடையாளங்களைச் சொல்லி, இவையெல்லாம் நடக்கும் முன் "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று சொன்னவர் ஊழியக்காரர் அல்ல, ஆண்டவர். கி.பி. 70-ல் எருசலேம் ஆலயம் இடிந்ததைத்தான் சொன்னார் என்கிறார்கள் சிலர். சந்ததி என்றால் யூத இனம் என்கிறார்கள் வேறு சிலர். எந்த விளக்கமும் எனக்குள் முழுசாக இறங்கவில்லை. பவுலும் வருகைவரை "உயிரோடிருக்கும் நாம்" என்றுதானே தெசலோனிக்கேயருக்கு எழுதினார்? இதைப் பாஸ்டரிடம் கேட்டேன். 2 பேதுரு 3-ஐக் காட்டி, வருகை எங்கே என்று கேலி செய்யும் பரியாசக்காரர் கடைசி நாட்களில் வருவார்கள் என்றார். ஐயா, நான் பரியாசம் செய்யவில்லை, அழுதுகொண்டு கேட்கிறேன் என்றேன். இருந்தும் "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்று தினமும் சொல்கிறேன். அவர் வராவிட்டால் இறந்துபோன என் குழந்தையை நான் எங்கே பார்ப்பேன்?

* * *

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, சகோதரரே. ஆனால் பவுல் அந்த வரியை எழுதியதே, வருகைக்கு முன் இறந்துபோனவர்களுக்காகக் கலங்கிய சபைக்குத்தான். உங்கள் குழந்தைக்காக நீங்கள் கேட்பதைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் அதே வார்த்தை சொல்லப்பட்டது: நீ மரணத்தைக் காண்பதில்லை. எனக்குக் கை நடுங்கியது. கூட்டம் முடிந்து அவள் அப்பாவிடம் போய் அம்மாவின் கதையைச் சொன்னேன். ஆவியானவரைத் துக்கப்படுத்தாதீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரே தேடிவந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கழித்து, "உங்க அம்மா அப்படிக் கேட்டப்போ நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன் என்றேன்.