கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி: திட்டமிடல் பற்றிச் சில அனுபவங்கள்

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி:

எங்கள் ஊரில் ஆர்டர் உறுதியானதும் முதலில் பார்ப்பது கப்பல் தேதியைத்தான். தூத்துக்குடியில் கன்டெய்னர் எந்த நாளுக்குள் உள்ளே போக வேண்டுமோ, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவோம். இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுப்பது), சாயம், நிட்டிங் (துணி பின்னுவது), நூல். இதற்கெல்லாம் முன்னால் கலருக்கு லேப் டிப் (சிறு துண்டில் சாயம் போட்ட மாதிரி) அப்ரூவல், சாம்பிள் அப்ரூவல். இத்தனையும் தேதியோடு எழுதிய தாளுக்கு டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) என்று பெயர். எக்செல்லில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம். ஆனால் அந்தத் தேதிகளை யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆபீஸில் இருந்தவர்களே எல்லாத் தேதியையும் போடுவார்கள். போன ஆர்டருக்குச் சாயம் ஐந்து நாள் ஆனதா, இதற்கும் ஐந்து நாள். ஒரு முறை நேவி கலர் துணி ஒரு வாரம் தள்ளி வந்தது. விட்ட நாளைக் கட்டிங்கில் பிடிக்கச் சொன்னார்கள். காம்பாக்டிங் முடிந்து ரோலாக வரும் துணி இழுபட்டு நிற்கும். அதைப் பிரித்துப் போட்டு ஒரு நாளாவது ஆற விட்டால்தான் அளவு நிலைக்கும். அந்த ஒரு நாளைத்தான் வெட்டினார்கள். தைத்து அயர்ன் போட்ட பிறகு டேப்பை வைத்தால் உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அளவு தவறியவை ரிஜெக்ட். மீதியை விமானத்தில் அனுப்பினார்கள். அந்த ஆர்டரின் லாபம் ஏர் ஃபிரைட்டிலேயே கரைந்தது.

இப்போது இருக்கும் இடத்தில் புரொடக்‌ஷனைப் பார்ப்பவர் ஒரு அக்கா. தாளில் தேதி எழுதும் முன்பே டையிங் மாஸ்டரைக் கூப்பிடுவார். "ஏனுங்ண்ணா, நம்ம நேவியை என்னைக்குங்க மெஷின்ல ஏத்துவீங்க?" என்பார். "இந்த வாரம் லைட் கலர்தானுங்க ஓடுது, நேவி வெள்ளிக்கிழமைதானுங்க" என்று பதில் வரும். கருப்பு ஓடிய மெஷினை நன்றாகக் கழுவாமல் வெள்ளை போட முடியாது. அதனால் சாயப்பட்டறையில் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவார்கள். இது தெரிந்துதான் அக்கா வெள்ளையையும், கலர் கலந்த நூலிலேயே பின்னுகிற மெலஞ்சையும் முதலில் கட்டிங்குக்கு வருமாறு வரிசை போடுவார். தேதிக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவரின் பெயரும் இருக்கும். தான் சொன்ன தேதி என்பதால், தள்ளிப்போனால் மாஸ்டரே முன்கூட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். இதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியை வெளிமாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கியவர்கள் உண்டு. அந்த வருடத்தைப் பார்த்தவர்கள் சாயத்துக்கு ஒரே இடத்தை நம்பித் தேதி எழுத மாட்டார்கள். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்து, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோதும் இப்படித்தான். கடலில் கூடுதலாக இரண்டு வாரம் வரை போனது. அந்த நாட்களைத் தையலில் பிடிக்க முடியாது, நூல் வாங்கும்போதே பிடிக்க வேண்டும்.

சிவகாசி, காலண்டர் அச்சகம்:

எங்களுக்குக் கப்பல் தேதி கிடையாது, ஜனவரி 1 உண்டு. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் உள்ள ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றிலிருந்து ஆர்டர் பிடிக்கிறோம். படக் காலண்டர், அட்டை வேலைகளை முன்கூட்டியே ஓட்டிவிடலாம். தினசரி காலண்டர் தாளை அப்படி ஓட்ட முடியாது. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். அது வராமல் சிவப்புத் தேதி எதுவென்று எப்படி முடிவு செய்வது? பட்டியல் வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஈரக்காற்றில் பேப்பர் வளையும், மை காய நேரம் எடுக்கும். தீபாவளி லீவும் அதே பக்கத்தில்தான். ஆகவே பட்டியலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத எந்த வேலையும் மழைக்கு மிச்சம் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஃபோர்மேனின் கணக்கு. கம்பெனிப் பெயர் அச்சடிக்கும் தலைப்பு அட்டைகளைப் புரட்டாசிக்குள் முடித்து அடுக்கி வைத்துவிடுவார்.

ஈரோடு, சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறேன்:

இரண்டு பேரும் வேலையின் தேதிகளைச் சொன்னீர்கள். நான் பார்த்தவரை, ஆர்டர் நிறைய இருந்தும் திணறுகிற யூனிட்டுகள் பணத்தின் தேதிகளை எழுதி வைப்பதில்லை. பிஎஃப், இஎஸ்ஐ 15ஆம் தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுபவர்களுக்கு 20ஆம் தேதி. தீபாவளிக்கு முன்னால் போனஸ், சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். இவை எல்லாம் முன்பே தெரிந்தவை. பில் பணம் வரும் நாள்தான் தெரியாது. நான் கணக்குப் பார்க்கும் ஒரு தறிக்கூடத்தில், போனஸை அக்டோபரில் கடன் வாங்கிக் கொடுப்பதுதான் பல வருட வழக்கமாக இருந்தது. இப்போது சித்திரையிலிருந்தே மாதம் ஒரு பங்கு தனிக் கணக்கில் போகிறது. அந்த அக்கா போல, பில் போடும் அன்றே பார்ட்டியிடம் "எந்தத் தேதிங்க?" என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.